அளவை மட்டும் மாற்றாதீர்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. சென்ற நவம்பரில் ஒரு சனிக்கிழமை, கரியாஹாட்டில் ஒரு துணிக்கடையிலிருந்து திரும்பி வந்தபோது என் கைப்பைக்குள் ஒரு கிராஃப் தாள் கிடந்தது. அதில் பென்சிலால் மூன்று எண்கள். ஒன்பதரை. பன்னிரண்டு. ஆறரை. மூன்றும் மீட்டர். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.

தாள் செல்வராணியுடையது. எங்கள் வீட்டுக்குக் கீழ் ஃப்ளாட்டில் இருக்கிறாள். ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பதினாலு வருடத்துக்கு முன்னால் கணவனோடு விருதுநகரிலிருந்து கொல்கத்தா வந்தாள். திருமணம் மூன்றே வருடத்தில் முறிந்தது. வேலை நிலைத்துவிட்டது, அவளும் லேக் மார்க்கெட் பக்கமே நிலைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தையல் மெஷின் ஓட்டுவாள். நான் மாடியில் உட்கார்ந்து என் முப்பத்தோராவது குடும்ப நாவலின் கதாநாயகியை அழவைத்துக்கொண்டிருப்பேன். கீழே மெஷின் கடகடவென்று ஓடும்.

"இதை எழுதட்டுமா ராணி?" என்று தாளைக் காட்டிக் கேட்டேன்.

"எழுதுங்க அக்கா. பேரை மாத்திக்கோங்க, ஊரை மாத்திக்கோங்க. அளவை மட்டும் மாத்தாதீங்க."

பெயரை மாற்றிவிட்டேன். ஊரை மாற்ற மனம் வரவில்லை. இன்னொரு நிபந்தனையும் போட்டாள்: எழுத எழுத அவளிடம் காட்ட வேண்டும். அவள் சிவப்புப் பேனாவோடு படிப்பாள். அந்தச் சிவப்பு எழுத்துகளைக் கதைக்குள் சதுர அடைப்பில் அப்படியே விட்டிருக்கிறேன்.


2

முதல் தொடக்கம்:

*மழை விட்டிருந்த அந்த மாலையில், கரியாஹாட்டின் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழிக்க, அவள் மனத்தில் மட்டும் இருள் —*

நிறுத்திவிட்டேன். நாங்கள் போனது காலை பதினொன்றரைக்கு. சுள்ளென்று வெயில். அவள் மனத்தில் இருந்தது இருளா என்று எனக்குத் தெரியாது. கையில் இருந்தது இஞ்ச் டேப்.

இரண்டாவது தொடக்கம்:

*செல்வராணிக்கு வயது இருபத்தெட்டு. பார்ப்பவர்கள் —*

[நாப்பத்தாறு. ரெண்டு மார்க் கட்.]

என் நாவல்களில் காதலுக்கு முப்பதுக்குமேல் அனுமதி கிடையாது. பதிப்பாளரின் விருப்பம், பழகிப் பழகி என் விருப்பமும் ஆகிவிட்டது. நாற்பத்தாறு வயதுக் கதாநாயகியை எங்கே நிறுத்துவது, எப்படி வெட்கப்படவைப்பது என்று கை தடுமாறுகிறது. ஆகையால் அழகான தொடக்கத்தை விட்டுவிட்டு, துணிக்கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்குப் புரிந்தால் கதை முழுவதும் புரிந்துவிடும்.


3

செல்வராணி தைப்பது கில்ட். குளிர்காலப் போர்வைதான், மூன்று அடுக்கு. மேலே, சதுரம் சதுரமாக வெட்டித் திரும்பச் சேர்த்துத் தைத்த துணி. நடுவில் பஞ்சு. அடியில், நம் உடம்பில் படுகிற பக்கம், வெட்டாத முழுத்துணி.

கடைத்துணியின் பன்னா, அதாவது அகலம், நாற்பத்து நான்கு அங்குலம். ஒற்றைக் கட்டில் போர்வைக்கு மேல்துணி நாலரை மீட்டர் வேண்டும், இரட்டைக் கட்டிலுக்கு ஆறரை. ஒவ்வொரு தையலும் இரு பக்கமும் கால் அங்குலம் விழுங்குவதால்தான் இவ்வளவு. அடித்துணி ஒற்றைக்கு ஐந்து மீட்டர், இரட்டைக்கு ஐந்தரை.

"அரை மீட்டர்தான் வித்தியாசமா?" என்று நான் கேட்டேன்.

"ஒரு பன்னா ஒத்தைக் கட்டிலுக்கே பத்தாதுக்கா. ரெண்டு பன்னாவைச் சேத்துத்தான் ஆகணும். சேத்துட்டா டபுளுக்கே போதும். ஒத்தைக்குன்னா ஓரத்துல ஒரு முழத்துக்கு மேல வெட்டி எறியணும்."

(ஒருவர் போர்த்தினாலும் இருவர் போர்த்தினாலும் அடித்துணி ஏறக்குறைய ஒன்றுதான், ஒருவருக்கென்றால் மிச்சம் வீணாகிறது. இதை நானே கண்டுபிடித்திருந்தால் இரண்டு அத்தியாயத்துக்கு நீட்டியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.)

பதினோரு வருடமாக அவள் தைத்ததெல்லாம் ஒற்றை. தனக்கும், கல்யாணத்துக்கும் குழந்தை பிறப்புக்கும் கொடுக்கவும். ஒற்றைக்கு மேலும் கீழும் கூட்டினால் ஒன்பதரை. அதை அவள் தூக்கத்தில்கூடச் சொல்வாள். அப்படியிருக்க, பன்னிரண்டும் ஆறரையும் அந்தத் தாளில் எப்படி வந்தன? அனந்த் வந்ததால் வந்தன.


4

*அனந்த் மீசையைத் தடவியபடி அலட்சியமாக —*

மீசை கிடையாது. அலட்சியமும் கிடையாது. இந்த மனிதர்மேல் எனக்கு அப்போது கோபம், அதனால் மீசை வைத்துவிட்டேன்.

உண்மையான அனந்துக்கு ஐம்பத்தொரு வயது. ஹவுராவில் சின்ன லேத் பட்டறை. செல்வராணியின் மெஷினில் ஒரு தண்டு தேய்ந்து, புதிது எங்கும் கிடைக்காமல், கடைந்து வாங்க அங்கே போனாள். முதல் தடவை கடைந்தது ஒரு நூல் அளவு பெரிதாக இருந்தது, திருப்பிக் கொண்டுபோனாள். இரண்டாவது தடவை சரியாக இருந்தது. மூன்றாவது தடவை ஏன் போனாள் என்று இதுவரை என்னிடம் சொல்லவில்லை.

[எண்ணெய் டப்பா வாங்க.]

அனந்தின் பெற்றோர் கும்பகோணம் பக்கம். அவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே கொல்கத்தாவில், பெஹாலாவில். தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுவார். மனைவி மது வங்காளிப் பெண். ஐந்து வருடத்துக்கு முன்னால் நோயில் இறந்துபோனாள். குழந்தை இல்லை. மதுவின் அம்மா இன்னும் அவரோடுதான் இருக்கிறார்.

இந்த வருடம் பூஜைக்கு முன்னால், எங்கள் மாடிப்படியில் நின்றுகொண்டு, செல்வராணியிடம் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். "ஜல்தி இல்லை. பூஜோ முடியட்டும்" என்றும் சொல்லியிருக்கிறார். துர்கா பூஜை முடிந்தது. காளி பூஜையும் முடிந்தது. அவள் 'சரி' என்கிற இடத்துக்கு ஏறக்குறைய வந்துவிட்டாள். எனக்குத் தெரியும், அந்த வாரங்களில் கீழே மெஷினோடு சேர்ந்து பாட்டும் கேட்டது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையோடு வந்தார். நானும் அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

"இது மதுவோட சாரி. ஆறு இருக்கு" என்றார். "நீங்க கில்ட் தைக்கிறீங்கல்ல, அதுக்கு அடியில போடலாம். காந்தா மாதிரி. துவைச்சுத் துவைச்சு ரொம்ப நொரோம், மானே... மெத்துனு இருக்கும்."

செல்வராணி பையைப் பார்த்தாள். "காப்பி ஆறுது" என்றாள்.

அவர் போன பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "மேல்துணின்னாகூடப் பரவாயில்லக்கா. அடித்துணி. உடம்புல படுற பக்கம். தினம் ராத்திரி அவ புடவையை நான் போத்திக்கிடணுமா? அப்ப நான் யாரு அந்தக் கட்டில்ல?"

[கேட்டேன். இவ்வளவு நீளமா கேக்கல.]

இங்கே பழைய புடவைகளை அடுக்கி, ஓட்டுத்தையல் போட்டுக் காந்தா தைப்பார்கள். பிறந்த குழந்தையை அதில்தான் கிடத்துவார்கள். அது எங்கள் இருவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் இறந்தவளின் புடவை அக்காதங்கைகளுக்குப் போகும், மகளுக்குப் போகும். இரண்டாவதாக வருகிறவள் கையில் அதை யாரும் கொடுக்கமாட்டார்கள். அதிலும் கட்டிக்கொள்ளப் போகிறவனே கொண்டுவந்து கொடுப்பதா!

பை கூடத்து மூலையில் இருபது நாள் கிடந்தது. அவள் முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை. அனந்த் போன் செய்தால், பரீட்சைத் தாள் திருத்துகிறேன் என்றாள். (பரீட்சை முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.)

இருபத்தோராம் நாள், சனிக்கிழமை, கிராஃப் தாளோடு என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நாளைக்கு அவரு டிபனுக்கு வாராரு. இன்னிக்குத் துணி எடுக்கப் போறேன். என்ன எடுக்கிறேனோ அதுதான் பதில்."

ஒன்பதரை எடுத்தால் ஒற்றைப் போர்வை. கல்யாணம் இல்லை.

பன்னிரண்டு எடுத்தால் இரட்டைப் போர்வை, மேலும் கீழும் புதுத்துணி. கல்யாணம் சரி, ஆனால் அந்தப் புடவைகளைத் திருப்பிக் கொண்டுபோய்விட வேண்டும்.

ஆறரை எடுத்தால் இரட்டைப் போர்வைக்கு மேல்துணி மட்டும். அடியில் மதுவின் புடவைகள்.

கவனியுங்கள்: மூன்றில் மிகக் குறைந்த துணிதான் மிகப் பெரிய சம்மதம்.


5

கடைக்காரர் எங்களுக்குப் பழக்கம். அவரும் அங்கே இருந்தவர்களும் பேசியது வங்காளத்தில். நான் தமிழில் சொல்கிறேன். ('தீதி' என்றால் அக்கா.)

செல்வராணிக்குப் பிடித்தது கருநீலத்தில் வெள்ளைக் கொடி அச்சிட்ட பருத்தி. கையால் அச்சுக் குத்தியது. கடைக்காரர் தானை, அதாவது துணிச்சுருளை, மேசைமேல் புரட்டிப் புரட்டி விரித்தார்.

"இதுதான் கடைசித் தான், தீதி. பதிமூணு மீட்டர் இருக்கும். தீர்ந்தா இதே நிறம் வராது. அடுத்த சாயம் ஒண்ணு இருட்டா வரும், இல்லாட்டி வெளுப்பா வரும்."

அதாவது, இன்றைக்கு ஒற்றைக்கு எடுத்துவிட்டு, நாளைக்கு மனம் மாறி இன்னும் இரண்டரை மீட்டர் என்று வரமுடியாது.

கத்தரியை எடுத்துக்கொண்டு அவர் கேட்டார்: "ஏக்ஜோனேர், நா துஜோனேர்?" ஒருவருக்கா, இருவருக்கா?

துணி விற்கிறவர் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். செல்வராணி வாயைத் திறந்தாள், மூடினாள். ஐம்பது பிள்ளைகள் முன்னால் நின்று பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்கிறவள்.

பக்கத்தில் தலையணை உறைக்குத் துணி பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் குறுக்கிட்டார்: "ரெண்டு பேருக்கே எடும்மா. ஒரு ஆளும் இழுத்துப் போத்திக்கலாம்."

"ரெண்டு பேருக்குன்னா சண்டை வரும்" என்றார் அவருடைய கணவர். "எங்க வீட்டுல முக்கால்வாசி இவகிட்டதான் இருக்கும். நான் மப்ளர் கட்டிக்கிட்டுப் படுக்கிறேன்."

"உங்க குறட்டைக்கு அதுவே அதிகம்."

கடைக்காரர் சிரித்தார். செல்வராணி சிரிக்கவில்லை. கிராஃப் தாளை என் கையில் திணித்துவிட்டுத் துணியின் ஓரத்தைப் பிடித்துப் பன்னாவை அளக்கத் தொடங்கினாள். நாற்பத்து நான்கு. மறுபடி அளந்தாள். நாற்பத்து நான்கு. மூன்றாம் தடவை டேப்பை வைத்தபோது அவள் கை நடுங்கியது.

[நடுங்கல.]

நடுங்கியது. இது என் கதை.


6

ஆசிரியர் கதைக்குள் தலையிடக்கூடாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். கல்லூரியில் எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் நான் கதைக்குள் இல்லை, கடைக்குள் இருந்தேன். என் சிநேகிதி 'ஒன்பதரை' என்று சொல்லிவிடப் போகிறாள் என்பது அவள் தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

நடைபாதைக்கு வந்து அனந்துக்குப் போன் செய்தேன். பின்னால் லேத் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன மனுஷன் நீங்க?" என்றேன். "செத்துப்போன பெண்சாதி புடவையை எடுத்துட்டு வந்து, கல்யாணம் பண்ணிக்கப்போறவகிட்ட 'மெத்துனு இருக்கும்'னு சொல்லுவாங்களா?"

லேத் நின்றது.

"நான் எடுக்கலியே தீதி. மா கொடுத்தாங்க."

"எந்த மா?"

"மதுவோட மா. புதுசா வர்ற பொண்ணுக்கு காந்தாவுக்குக் கொடுன்னு அவங்கதான் ஆல்மாரியில இருந்து எடுத்துக் கொடுத்தாங்க. நான் சொல்லலியா?"

"சொல்லல."

"ஆரே... காந்தாவுக்கு சாரி மா தானே கொடுப்பாங்க? வேற யாரு கொடுப்பாங்க? அதைத் தனியா சொல்லணுமா?"

சொல்லணும் அய்யா, சொல்லணும். பெஹாலாவில் பிறந்தவருக்குச் சொல்லாமலே தெரிவது விருதுநகரில் பிறந்தவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு வாக்கியம். அதை விழுங்கிவிட்டு இருபது நாள் இரண்டு பேரையும் தூங்கவிடாமல் அடித்துவிட்டார்.

(இதை என் நாவலில் நானே எழுதியிருந்தால் வெட்டியிருப்பேன். 'ஒரு வாக்கியம் சொன்னால் தீர்ந்துபோகிற பிரச்சினை பிரச்சினையே இல்லை' என்று என் பதிப்பாளர் ஓரத்தில் எழுதுவார். அவருக்குக் கல்யாணமாகி முப்பது வருடம். வீட்டில் அவர் பேசுவதே இல்லையோ என்னவோ.)

மதுவின் அம்மாவுடைய எண்ணை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். செல்வராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை முறைத்தாள். அப்புறம் கை நீட்டிப் போனை வாங்கினாள்.


7

அவள் பேசியதைக் கேட்டேன். மறுமுனையில் பேசியதை டாக்ஸியில் சொன்னாள். இரண்டையும் சேர்த்துத் தைக்கிறேன், தையல் தெரிந்தால் மன்னியுங்கள்.

அந்த அம்மாள் எடுத்த உடனே, மருமகனிடம் கற்ற தமிழில், "ஷாப்பிட்டியா?" என்றாராம்.

செல்வராணிக்குச் சந்தை வங்காளம்தான் வரும். அதில் சுற்றி வளைத்துப் பேச வழியில்லை. நேராகவே கேட்டாள்: "உங்க மகள் புடவையை எனக்கு ஏன் கொடுத்தீங்க?"

"வேற என்ன செய்ய?" என்றார் அந்த அம்மாள். "பருத்திப் புடவையை அப்படியே வெச்சா மடிப்பிலேயே கிழியும். மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து மடிப்பு மாத்தி வைக்கணும். அஞ்சு வருஷமா வைக்கிறேன். எனக்கு முட்டி வலி. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவ வாராவாரம் வாசல்ல கூவுறா. ஒரு சம்படத்துக்கு மதுவோட புடவையைப் போட மனசில்ல. நீ நல்லாத் தைப்பேன்னு அனந்த் சொன்னான். தையி. நீ போத்திக்கோ, நான் மடிக்கிறதை விடுறேன்."

கடைக்காரர் கத்தரியை மேசைமேல் வைத்துவிட்டுச் சாயா சொல்லி அனுப்பினார்.

"கேக்குதா?" என்றார் அந்த அம்மாள்.

"கேக்குது."

"உனக்கு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. கோவிச்சுக்கமாட்டேன். ஆனா அதுல பச்சைக் கரை போட்டது ஒண்ணு இருக்கும், அது என்னோடது! நான் எடுத்து வெச்சதோட அந்த மனுஷன் இதையும் யாரோடதுன்னு தெரியாம அள்ளிட்டுப் போயிட்டான். மூணு வாரமா வீடு பூரா தேடுறேன். அதுமேல கத்தரி வெச்சிட்டியா?"

"இல்லல்ல! இன்னும் பிரிக்கவேயில்ல."

"அப்ப திருப்பிக் கொண்டா. அவன்கிட்டக் கொடுத்துவிடாத, வேற எதையாவது தூக்கிட்டு வருவான். நீயே வா."

அப்போதுதான் அவள் சிரித்தாள். முகத்தை அந்தக் கருநீலத் துணியில் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அழுகிறாள் என்று நினைத்துத் தலையணை உறை அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அவள் மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.


8

"சொல்லுங்க தீதி, எவ்வளவு?" என்றார் கடைக்காரர்.

'ஆறரை' என்பாள் என்று காத்திருந்தேன். அத்தியாயம் முடிகிற இடம் அது.

"ஏழரை" என்றாள்.

"என்னது?"

"ஏழரை மீட்டர்."

கத்தரி துணியில் இறங்கிவிட்டது. நான் அவளைத் தனியாக இழுத்தேன்.

"ராணி! கல்யாணக் காரியத்துக்குப் போய் ஏழரையா? ஒரு எட்டாச் சொல்லேன். ஏழாச் சொல்லேன்."

"ஏழரைச் சனி என்ன மீட்டர்லயாக்கா வருது?"

"உன் தாள்ல ஆறரைதானே இருக்கு? சுருங்குறதுக்குச் சேத்தியா?"

"சுருக்கம் ஆறரைக்குள்ளயே இருக்கு. நான் கணக்கு டீச்சர்."

"அப்ப ஒரு மீட்டர் எதுக்கு?"

கடைக்காரர் துணியை மடித்துக் காகிதத்தில் சுற்றினார். பொட்டலத்தை வாங்கி மார்போடு வைத்துக்கொண்ட பிறகு சொன்னாள்:

"தப்பாத் தைக்கிறதுக்கு. பதினோரு வருஷமா மிச்சம் விழாம எடுத்திருக்கேன்க்கா. டபுள் தைச்சுப் பழக்கமில்ல. கொஞ்சம் தப்பாப் போகும்ல?"


9

முடிவு எழுதும் இடத்துக்கு வந்துவிட்டோம்.

*மறுநாள் ஞாயிறு, கதவைத் திறந்தவளின் கையில் பச்சைக் கரைப் புடவையைப் பார்த்த அனந்தின் கண்கள் —*

[அவரு கண்ணு எப்பவும் போலத்தான் இருந்துச்சு. சட்டினில உப்பு ஜாஸ்தின்னாரு. அவ்வளவுதான்.]

*ஒரு வருடம் கழித்து, பெஹாலாவின் ஒரு வீட்டில், அந்த நீலப் போர்வையின் கீழ் —*

ஒரு வருடம் கழிந்துவிடவில்லை. இப்போது டிசம்பர். ஊரில் இப்போதுதான் குரங்குத் தொப்பிகள் வெளியே வந்திருக்கின்றன. தேதி குறித்தாகிவிட்டதா, மூன்று பேரும் எந்த வீட்டில் இருக்கப்போகிறார்கள், அந்த அம்மாளுக்கும் இவளுக்கும் அடுக்களையில் எத்தனை நாள் ஒத்துப்போகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி முப்பது நாவல்களில் எழுதியிருக்கிறேன். இதில் மாட்டேன்.

எட்டரை மீட்டர் என்று மாற்றிவிடலாமா என்று நேற்று மறுபடி கேட்டுப் பார்த்தேன். வாசகர்கள் சகுனம் பார்ப்பார்கள் என்றேன். முடியாது என்றுவிட்டாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. கீழே மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. மேல்துணி முடிந்துவிட்டது, மதுவின் புடவைகளில் இரண்டைச் சேர்த்து அடித்துணி தைக்கிறாள். நேற்று போய்ப் பார்த்தேன். மூன்றாம் வரிசையில் ஒரு சதுரம் தலைகீழாக இருக்கிறது, கொடி கீழ்நோக்கிப் போகிறது. சொன்னேன். "தெரியும்க்கா, இருக்கட்டும்" என்றாள். ஆக, அந்த ஒரு மீட்டர் இன்னும் வெட்டப்படாமல் நாற்காலி முதுகில் தொங்குகிறது.

இதோ, மெஷின் நின்றுவிட்டது.

நூல் தீர்ந்திருக்கலாம். ஊசி உடைந்திருக்கலாம். படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. ஒரு ஜோடி செருப்பா, இரண்டா என்று இங்கிருந்து எனக்குப் பிடிபடவில்லை. பேனாவை மூடுகிறேன். ஒரு தடவை தலையிட்டதே போதும். நீங்கள் வேண்டுமானால் இறங்கிப் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கதவைத் தாழ் போடுவதில்லை.